ஏழாம் தேதியின் இரைச்சல்

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு மார்லிஸ் க்வெட்னாவ் ஒரு பழைய மெத்தைத் துண்டின் மேல் மண்டியிட்டு, வாசல் தரையில் ஒட்டிக்கிடந்த வட்டப் பொட்டுகளைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். சுவருக்குப் பட்டி பார்க்கிற தகடுதான் கையில். பச்சைப் பொட்டுகள் நேற்று இரவுடையவை, மஞ்சள் இன்று காலையுடையவை. உள்ளே யாரும் படம் எடுக்கக் கூடாது, அதனால் போகிறவர்களின் கைபேசியில் கேமராக் கண்ணை மூடி முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று ஒட்டியனுப்புவது இந்த வாசலின் வழக்கம். வெளியே வருகிறவர்கள் அதைப் பிய்த்துக் கீழே போட்டுவிட்டுப் போவார்கள். குப்பைத் தொட்டி பத்தடி தள்ளித்தான் இருக்கிறது. ஆனாலும் போட மாட்டார்கள்.

இரும்புக் கதவுக்குப் பின்னால் இருநூறு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். வியாழன் ராத்திரி திறந்தால் திங்கள் காலைதான் 'லாம்பெ' ஆட்டக்கூடத்தின் கதவு மூடும். ஞாயிறு காலை பத்து மணி முதல் மாலை எட்டு மணி வரை வாசல் மார்லிஸுடையது.

தெருவில் நான்கு பையன்கள் ஒரே மாதிரி சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். ஐந்தாவது ஆள் முயல் வேஷத்தில் இருந்தான், ஒரு காது மடங்கித் தொங்கியது. மார்லிஸ் தகட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். வலது முட்டி சொடுக்கியது.

"இன்னைக்கு இல்ல" என்றாள்.

"ஏங்க? இந்த முயல்தான் கல்யாணப் பையன். கல்யாணத்துக்கு முந்தி ஒரு நாள் ஆடிக் கொண்டாடலாம்னு அவ்வளவு தூரத்துலேர்ந்து ரயிலேறி வந்திருக்கோம்."

"வீட்டுக்குப் பத்திரமாப் போய்ச் சேருங்க."

"வாழ்க்கையில ஒரு தடவை நடக்கறதுங்க."

"அது அவர் கையில இருக்கு."

முயலுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஐந்து பேரும் திரும்பிப் போனார்கள். ஏன் இல்லை என்று மார்லிஸ் யாருக்கும் சொல்வதில்லை. ஒரு காரணம் சொன்னால் அதற்கு ஒரு பதில் வரும், அந்தப் பதிலுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும், அதற்குள் வரிசை தெருமுனையைத் தாண்டிவிடும். பதிமூன்று வருஷமாக இந்த வாசலில் அவளுக்குக் கைகொடுப்பது அவ்வளவுதான். அதைக்கூட இங்கே வந்து கற்றுக்கொள்ளவில்லை.

லைப்சிக் நகரத்தின் மேற்கே, கால்வாயை ஒட்டிய இந்தக் கட்டடத்தில் ஒரு காலத்தில் தெருவிளக்கு செய்தார்கள். பதினெட்டு வயதில் மார்லிஸ் அந்த ஆலையின் வாசல் அறையில் வேலைக்குச் சேர்ந்தாள். அடையாள அட்டை இல்லாமல் யாரையும் விடக் கூடாது என்றார்கள். அவளும் விடவில்லை. அட்டையை மறந்துவிட்டு வந்த நிர்வாகி ஒருவர் பனியில் இருபது நிமிஷம் நின்றார். யார் எப்போது வந்தார்கள், எப்போது போனார்கள் என்று எழுதும் நோட்டு ஒன்று இருந்தது. யாருமே வராத நாளிலும் ஒரு வரி எழுத வேண்டும். நாளை வெற்றாக விடக் கூடாது.

எல்லை திறந்து, கிழக்கும் மேற்குமாகப் பிரிந்திருந்த நாடு ஒன்றான மறுவருஷம் ஆலையை மூடினார்கள். கடைசி நாள் வாசலைப் பூட்டியவள் அவள்தான். சாவியை வாங்கிக்கொண்ட கோட்டுப் போட்ட ஆள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான், அவள் கேட்டதால். அப்போது மகள் அனெட்டுக்கு ஒரு வயது. புருஷன் உல்லி தெற்கே ஸ்டுட்கார்ட்டுக்கு வேலை தேடிப் போனான். வேலை கிடைத்தது, கூடவே இன்னொருத்தியும் கிடைத்தாள். மார்லிஸ் ரொட்டிக் கடையில் நின்றாள், முதியோர் இல்லத்தில் துணி துவைத்தாள், நாற்காலி மேசை விற்கிற பெரிய கடை ஒன்றில் காவல் இருந்தாள். ஆலைக் கூரையில் பிர்ச் மரம் முளைத்தது.

பிறகு டோரால்ஃப் என்ற ஒரு பையனும் அவன் கூட்டாளிகளும் கட்டடத்தைக் குத்தகைக்கு எடுத்து ஆட்டக்கூடமாக்கினார்கள். கழிவறை கழுவ ஆள் தேடினார்கள், மார்லிஸ் போனாள். மூன்றாவது மாதம் வாசல்காரனுக்குக் காய்ச்சல். கால்பந்து பார்த்துவிட்டு எட்டுப் பேர் ஏப்பம் விட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். டோரால்ஃப் படியில் வெலவெலத்து நிற்க, மார்லிஸ் தரை துடைக்கிற வாளியோடு வெளியே வந்து, "இன்னைக்கு இல்ல" என்றாள். போய்விட்டார்கள்.

"என்ன சொன்ன அவங்ககிட்ட?" என்று டோரால்ஃப் கேட்டான்.

"இன்னைக்கு இல்லன்னு."

"காரணம் கேட்டிருப்பாங்களே?"

"கேட்டாங்க."

அதிலிருந்து வாசல் அவளுடையது. பதினோரு வருஷம் ராத்திரி நின்றாள். முட்டியில் அறுவை செய்த பிறகு ராத்திரிக் குளிர் ஆகவில்லை, ஞாயிறு பகலுக்கு மாறினாள். வாசலுக்கு ஒரு குறிப்பேடு வைத்ததும் அவள்தான். எத்தனை மணிக்குத் திறந்தது, மூடியது, என்ன தகராறு, என்ன தொலைந்தது. இங்கேயும் ஒரு நாளை வெற்றாக விடுவதில்லை.

பொட்டுகளை வாரித் தொட்டியில் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது டோரால்ஃப் சைக்கிளைச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தான். பையனுக்கும் முப்பத்தொன்பது ஆகிவிட்டது. தலைக்கவசத்தைக் கழற்றாமலே ஒரு காகித உறையை நீட்டினான்.

"எதிர்வீட்டுக்காரங்க ஆரம்பிச்சுட்டாங்க, மார்லிஸ்."

எதிரே கால்வாயோரம் புதிதாக எழுந்த குடியிருப்பு அது. இரண்டு வருஷமாக ஆட்கள் இருக்கிறார்கள். மூன்றாம் மாடியில் மார்லிஸின் மகள் அனெட்டும் மருமகன் ஹாகெனும் கடன் போட்டு வாங்கிய வீடு இருக்கிறது.

"நகராட்சியிலேர்ந்து வந்திருக்கு. செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குக் கூட்டம். பத்தொன்பது வீடு கையெழுத்துப் போட்டிருக்கு. ஞாயித்துக்கிழமை பகல் முழுக்க மூடணுமாம். உள்ள இரைச்சல் பதிவேடு ஒன்னு இருக்கு, நாப்பத்தோரு நாள். யார் எழுதினதுன்னு பேரைக் கறுப்பு மையால அடிச்சுட்டாங்க."

"ஞாயித்துக்கிழமை போச்சுன்னா நானும் போனேன்" என்றாள் மார்லிஸ், வானம் மூடியிருக்கிறது என்று சொல்வது போல.

"நீ மட்டுமா? ஞாயித்துக்கிழமைதான் இந்த இடத்தையே தூக்கி நிறுத்துது. உன் நோட்டையும் இதையும் பக்கத்துல வச்சு ஒவ்வொரு தேதியாப் பாரு. அந்த நகராட்சி அதிகாரியம்மா நோட்டோட உன்னையே வரச் சொல்லியிருக்கு." அவன் சூரியகாந்தி விதையை வாயில் போட்டுக்கொண்டான். "உன் பொண்ணு அங்கதானே இருக்கா. யார் எழுதினதுன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"கேக்கல."

சாயங்காலம் முறை மாறிய பிறகு, வருகிறவர்களின் மேலங்கிகளை வாங்கி வைக்கும் அறையின் மேசையில் உறையைப் பிரித்தாள். முதல் தாளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தேதி, மணி, சத்தத்தின் வகை, உடலில் எப்படி உணர்ந்தது என்று நான்கு கட்டங்கள், அளவுகோல் வைத்து மயிரிழை பிசகாமல் போட்ட கோடுகள். நில அளவை அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஹாகெனைத் தவிர வேறு யாரும் வீட்டில் உட்கார்ந்து இப்படிக் கோடு போட மாட்டார்கள். நான்காவது கட்டத்தில் மூன்றாவது வரி: 'மெத்தைக்குள்ளிருந்து யாரோ முஷ்டியால் குத்துவது போல.' அனெட் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது காது வலித்தால் இதையேதான் சொல்வாள், தலையணைக்குள்ளிருந்து யாரோ குத்துகிறார்கள் என்று.

அனெட் மருத்துவமனையில் இரவுத் தாதி. வார இறுதியில் ராத்திரி வேலை, பகலில் தூக்கம். போன குளிர்காலத்தில் ஒருமுறை, "அம்மா, உங்க சத்தத்துல தூங்க முடியல" என்றாள். மார்லிஸ் வாசலில் இலவசமாகக் கொடுக்கும் காதடைப்பான்களில் ஒரு பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். இருநூறு ஜோடி. அனெட் பெட்டியைப் பார்த்தாள், நன்றி என்றாள், அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. தீர்ந்துவிட்டது என்று மார்லிஸ் நினைத்துக்கொண்டாள்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தேதியாக விரலை வைத்துப் பார்த்தாள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச். எல்லாமே வெள்ளியோ சனியோ ஞாயிறோ. எல்லா நாளும் கதவு திறந்திருந்தது. இருபத்தொன்பதாவது வரிக்கு வந்தாள். ஏப்ரல் ஏழு. பகல் 11.40 முதல் 4 வரை, ஆழ்ந்த அதிர்வு, இடைவிட்டு இடைவிட்டு. குறிப்பேட்டைப் புரட்டினாள். அவளுடைய கையெழுத்திலேயே இருந்தது: 'ஏப். 7. புனித வெள்ளி. ஆட்டத் தடை. திறக்கவில்லை. கதவுக் கீலுக்கு எண்ணெய் போட்டேன்.'

புனித வெள்ளியன்று சாக்சனி மாநிலத்தில் பொது இடத்தில் ஆட்டம் கூடாது என்பது சட்டம். இந்த ஊரில் பாதிப் பேருக்கு மாதா கோயிலின் வாசல் எந்தப் பக்கம் என்றே தெரியாது. இருந்தாலும் அன்றைக்கு ஆட்டக்கூடம் எதுவும் திறக்காது, அது எல்லோருக்கும் தெரியும். அன்று மார்லிஸ் மட்டும் வந்தாள், எண்ணெய்க் குப்பியோடு. கூடத்தில் புறாக்கள் உத்தரத்தில் நடக்கிற சத்தம் கேட்டது. வேறொன்றும் இல்லை.

டோரால்ஃப் எட்டிப் பார்த்தான். "ஏதாவது தேறுச்சா?"

"இன்னும் முடிக்கல" என்றாள்.

அவனிடம் அவள் சொன்ன முதல் பொய் அது. வீட்டுக்கு டிராமில் போகும்போது அதையே நினைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் மதியம் தெருமுனைச் சாவடியில் ஒரு கிலோ வெள்ளை ஆஸ்பாரகஸ் தண்டுகள் வாங்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனாள். மே மாதம் திங்கட்கிழமை என்றால் இருவரும் சேர்ந்து அதைச் சமைத்துச் சாப்பிடுவது வழக்கம். அனெட் அப்போதுதான் எழுந்திருந்தாள். குளியல் அங்கியோடு வந்து உருளைக்கிழங்கை எடுத்து உட்கார்ந்தாள். கண்ணுக்குக் கீழே தலையணையின் தையல் கோடு பதிந்திருந்தது.

"தண்டு தடிமனா இருக்கே. எவ்வளவு நேரம் உரிக்கறது?"

"நீ கிழங்கைப் பாரு. இது என் வேலை."

இருவரும் உரிக்கத் தொடங்கினார்கள்.

"ஹாகென் நாளைக்குக் கோட்டுப் போட்டுக்கிட்டுப் போறானா?" என்று மார்லிஸ் கேட்டாள்.

அனெட்டின் கை நின்றது. "யார் சொன்னா?"

"அந்தக் கோடு சொல்லுச்சு. அவனைத் தவிர யாருக்கு அப்படி வரும்?"

"பேரெல்லாம் மறைச்சுத் தருவோம்னாங்களே."

"பேரைத்தான் மறைச்சாங்க. மெத்தைக்குள்ள முஷ்டியை மறைக்கலையே."

அனெட் கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். "சொல்லியிருக்கணும். எப்படிச் சொல்றதுன்னு தெரியல. சொன்னா இன்னொரு பெட்டி காதடைப்பான் கொண்டு வருவ."

அது சரியாகத்தான் பட்டது. மார்லிஸ் ஒரு தண்டை முடித்து அடுத்ததை எடுத்தாள். "ஏப்ரல் ஏழாம் தேதி ஞாபகம் இருக்கா?"

"எது?"

"பகல் பதினொன்னு நாப்பதுலேர்ந்து நாலு மணி வரைக்கும்."

"வியாழன் ராத்திரி வேலை பாத்துட்டு வந்து படுத்தேன். எங்க வார்டுல ரெண்டு நோயாளி போயிட்டாங்க அன்னைக்கு. தூங்கவே முடியல. கட்டில் முழுக்க அதிர்வு. துண்டுச் சீட்டுல மணியைக் குறிச்சு வச்சேன். ஹாகென் ஈஸ்டருக்கு அவங்க அப்பா அம்மா வீட்டுக்குப் போயிருந்தான், வந்துதான் பதிவேட்டுல ஏத்தினான்." பேசிக்கொண்டே வந்தவளின் குரல் மெல்ல மெல்ல இறங்கியது. "ஈஸ்டர்."

"புனித வெள்ளி."

"ஆட்டத் தடை" என்றாள் அனெட்.

"நான் வந்து கீலுக்கு எண்ணெய் போட்டேன்."

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அனெட் எழுந்து அதை இறுக்கி மூடினாள். "எனக்கு எல்லா நாளும் ஒன்னுதான்மா. ராத்திரி வேலை, பகல்ல தூக்கம். விடுமுறைன்னு தெருவுல கார் இல்லாததை வச்சுத்தான் கண்டுபிடிப்பேன். ஆனா பொய் எழுதல. எனக்குக் கேட்டுச்சு."

"பொய்யின்னு நான் சொல்லல. எந்தப் பக்கம் படுப்ப?"

"என்ன?"

"கட்டில்ல."

மார்லிஸ் கையைத் துடைத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போனாள். செருப்பைக் கழற்றிவிட்டு மகளின் பக்கம் படுத்தாள். அனெட் நிலைப்படியில் நின்று, இது என்ன கூத்து என்பது போலப் பார்த்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு தலையணைக்குள் ஏதோ தொடங்கியது. காதில் விழுவதற்கு முன்னால் பல்லில் தெரிந்தது. ஒரு தாழ்ந்த உறுமல், விட்டு விட்டு ஓர் அடி.

"இதா?"

அனெட் சுவரில் கை வைத்தாள். "இதுதான். ஆனா இன்னைக்கு..."

"இன்னைக்குத் திங்கள். எங்க கதவு காலையில எட்டு மணிக்கே பூட்டியாச்சு."

ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். நேர் கீழே, நிலத்தடி வண்டி நிறுத்தத்திலிருந்து காற்றை வெளியே தள்ளும் இயந்திரத்தின் கம்பி வலை. அதன் மேல் கிடந்த ஒரு பால் உறை நடுங்கிக்கொண்டிருந்தது. பத்து நிமிஷத்தில் இயந்திரம் நின்றது, உறை அடங்கியது. அனெட் கட்டிலில் கை வைத்துப் பார்த்தாள். கட்டிலும் அடங்கியிருந்தது.

"எல்லா நாளும் இது இல்ல" என்றாள். "சில நாள் உன்னோட சத்தந்தான். எனக்கு வித்தியாசம் தெரியும்."

"தெரிஞ்சிருந்தா ஏழாம் தேதியை எழுதியிருக்க மாட்ட."

சொன்ன பிறகுதான் மார்லிஸுக்கு அது இவ்வளவு கூராக இருந்திருக்க வேண்டாம் என்று தோன்றியது. அனெட் அங்கியின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு சமையலறைக்குத் திரும்பினாள்.

"ஹாகென் பத்தொன்பது வீட்டுக் கதவைத் தட்டியிருக்கான். யார்கிட்டயும் தானாப் போய்ப் பேசாதவன். எனக்காகப் போனான். நாளைக்கு எல்லார் முன்னாலயும் அவன்தான் பேசப்போறான், இந்தப் பதிவேட்டைக் கையில வச்சுக்கிட்டு. நீ அந்த நோட்டைக் கொண்டு வராத."

"கொண்டு வரச் சொல்லித்தான் கடிதமே."

"அப்ப அந்த ஒரு பக்கத்தைத் தாண்டிடு. நாப்பது நாள் போதாதா? ஒன்னு விட்டா என்ன?"

"ஞாயித்துக்கிழமையை மூடினா நான் எங்க போறது?"

"வேற ஏதாவது..."

"ஐம்பத்தேழு வயசுல, இந்த முட்டியோட, எந்த வாசல்ல?"

"எனக்குத் தூக்கம் வேணும்மா. யார் வேலையும் போகணும்னு எனக்கு இல்ல."

"ஹாகென்கிட்ட அந்த இயந்திரத்தைப் பத்தி இன்னைக்கே சொல்லு. அவனே நாளைக்கு எழுந்து சொல்லட்டும்."

அனெட் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். தண்ணீர் கொதித்தது. வெண்ணெய் உருக்கி ஊற்றி, பன்றித் தொடைக் கறித் துண்டுகளோடு இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். ஆஸ்பாரகஸ் நன்றாகத்தான் இருந்தது. அடிப்பக்கம் கொஞ்சம் நார்.

செவ்வாய்க்கிழமை கூட்ட அறையில் நீள மேசை, நடுவில் சோடாத் தண்ணீர்ப் புட்டிகள். ஒரு பக்கம் குடியிருப்புக்காரர்கள் ஆறு பேர், நடுவில் கோட்டுப் போட்ட ஹாகென், அவனை அடுத்து அனெட். எதிர்ப்பக்கம் டோரால்ஃபும் மார்லிஸும். இன்றைக்குத் தலைக்கவசம் அவன் மடியில் இருந்தது. மேசைத் தலையில் நகராட்சி அதிகாரி திருமதி வீக்லெப், நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிய பெண்மணி.

டோரால்ஃப் மேசைக்கு அந்தப் பக்கம் பார்த்துவிட்டு மார்லிஸின் பக்கம் குனிந்தான். "உன் பொண்ணு அந்தப் பக்கம் உக்காந்திருக்கா."

"பாத்தேன்."

மார்லிஸ் மகளைத்தான் பார்த்தாள். அனெட் மிக லேசாகத் தலையை ஆட்டினாள், இல்லை என்று. ஹாகெனிடம் அவள் சொல்லவில்லை.

ஹாகென் பேசினான். நன்றாகவே பேசினான். என் மனைவி நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்து படுக்கிறாள், நான்கு மாதத்தில் நாற்பத்தொரு நாள் அவளுக்குத் தூக்கம் இல்லை, ஒவ்வொன்றும் எழுத்தில் இருக்கிறது என்றான். பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர் மேசையை விரல் முட்டியால் தட்டி ஆமோதித்தார்.

திருமதி வீக்லெப் மார்லிஸிடம் திரும்பினார். "வாசல் குறிப்பேட்டை எழுதுறது நீங்கதானே? நான் தேதியை வாசிக்கறேன். உங்க நோட்டுல என்ன இருக்கோ அதை அப்படியே சொல்லுங்க."

மார்லிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டைத் திறந்தாள்.

"ஜனவரி ஏழு."

"திறந்திருந்தது."

"ஜனவரி எட்டு."

"திறந்திருந்தது. ஒரு காலணி தொலைஞ்சுது."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். தேதிகள் நகர்ந்தன. திறந்திருந்தது, திறந்திருந்தது. ஒவ்வொரு முறையும் ஹாகென் தன் தாளில் ஒரு சரி போட்டான். டோரால்ஃப் தலைக்கவசத்தின் பட்டையைத் திருகிக்கொண்டே இருந்தான். ஏப்ரல் ஒன்று. ஏப்ரல் இரண்டு.

"ஏப்ரல் ஏழு."

மார்லிஸ் பக்கத்தைப் புரட்டினாள். எதிரே அனெட் தண்ணீர்ப் புட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு 'திறந்திருந்தது' போதும். அதிகாரியின் கண் நோட்டில் இல்லை, பட்டியலில்தான் இருந்தது.

"மூடியிருந்தது" என்று படித்தாள் மார்லிஸ். "புனித வெள்ளி. ஆட்டத் தடை. திறக்கவில்லை. கதவுக் கீலுக்கு எண்ணெய் போட்டேன்."

அந்த அறையில் யாருக்கும் அதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேசையைத் தட்டிய பெரியவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். ஹாகெனின் பேனா தாளிலேயே நின்றது. காதிலிருந்து கழுத்துக்குச் சிவப்பு இறங்கியது. டோரால்ஃபின் வாய் ஓரம் மேலே போகப் பார்த்தது, மார்லிஸ் அவனை ஒரு பார்வை பார்த்தாள், அடங்கிவிட்டது.

"திருமதி க்வெட்னாவ்" என்றான் ஹாகென். கல்யாணமான நாளிலிருந்து அவளைப் பேர் சொல்லி, ஒருமையில் கூப்பிட்டவன். "அந்த நோட்டை அப்புறமா உட்கார்ந்து எழுதலைன்னு நீங்க எப்படி நிரூபிப்பீங்க?"

மார்லிஸ் நோட்டைத் திருப்பி அவன் பக்கம் நகர்த்தினாள். மை, நாள், முறை மாறியவர்களின் கையெழுத்து, எல்லாம் வரிசையாக இருந்தது. அவன் அதைத் தொடவில்லை.

"இந்தப் பதிவை எழுதினது யார்?" என்று திருமதி வீக்லெப் கேட்டார்.

"நான்தான்" என்றாள் அனெட். "எனக்குக் கேட்டுச்சு."

"மூடியிருந்த இடத்துலேர்ந்தா?"

"கேட்டிருக்கும்" என்றாள் மார்லிஸ். அவளை யாரும் கேட்கவில்லை. "அவ இல்லாததை எழுதறவ இல்ல. என் பொண்ணு. எங்ககிட்டேருந்து வந்த சத்தம் இல்ல அது, அவ்வளவுதான். அவங்க படுக்கையறைக்கு நேர் கீழ வண்டி நிறுத்தத்தோட காத்து இயந்திரம் இருக்கு. நேத்து நான் அந்தக் கட்டில்ல படுத்துப் பாத்தேன். மத்த நாப்பதுல எது எங்களோடது, எது அதோடதுன்னு எனக்குத் தெரியாது. அளந்து பாத்தாத்தான் தெரியும்."

ஹாகென் மனைவியைப் பார்த்தான். "நேத்தா?" என்றான் அவளிடம், தாழ்ந்த குரலில். அனெட் புட்டி மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு சீக்கிரம் முடிந்தது. படுக்கையறையில் கருவி வைத்து ஆறு வாரம் அளப்பார்கள், கதவு திறந்த நாளும் மூடிய நாளும். அதுவரை ஞாயிற்றுக்கிழமையில் கை வைப்பதில்லை. திருமதி வீக்லெப் குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தைப் படியெடுக்க வாங்கிக்கொண்டு போனார். குடியிருப்புக்காரர்கள் வெளியே போகும்போது ஒருவர், "மருமகன் ஒரு கட்சி, மாமியார் ஒரு கட்சி. நமக்கு நல்ல வேடிக்கை" என்றார், ஹாகெனுக்குக் கேட்கும்படி. ஹாகென் தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு அவர்களைத் தாண்டி வேகமாக நடந்தான். டோரால்ஃப் மார்லிஸின் தோளைத் தட்டலாமா என்று யோசித்துவிட்டு, "சைக்கிள்கிட்ட இருக்கேன்" என்று போனான்.

அறையில் அம்மாவும் மகளும்தான். மார்லிஸ் தன் நோட்டுக்காகக் காத்திருந்தாள். அனெட் எதற்காக இன்னும் உட்கார்ந்திருந்தாள் என்று தெரியவில்லை.

"தாண்டியிருக்கலாம்" என்றாள் அனெட்.

"தாண்டியிருக்கலாம்."

"அத்தனை வீட்டுக்காரங்க முன்னால அவன் இனிமே அந்தப் படிக்கட்டுல எப்படி ஏறி இறங்குவான்?"

மார்லிஸ் பையைத் துழாவிச் சாவிக் கொத்தை எடுத்தாள். வளையத்தில் நகத்தைக் கொடுத்து ஒரு சாவியை நெம்பினாள். இறுக்கமாக இருந்தது, வர நேரம் பிடித்தது. மேசையைத் தாண்டி அதை மகளின் பக்கம் வைத்தாள்.

"எங்க தெருவுல சத்தம் கிடையாது. பின்பக்க அறை முற்றத்தைப் பாத்த மாதிரி. ஞாயித்துக்கிழமை பத்து மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் நான் வீட்டுல இருக்க மாட்டேன், உனக்கே தெரியும். வேலை முடிஞ்சு நேரா அங்க வந்து படுத்துக்க. விரிப்பு மாத்தி வைக்கறேன். இதை நான் குளிர்காலத்துலயே சொல்லியிருக்கணும்." சாவியை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தி, "வர்றியா?" என்றாள்.

அனெட் எழுந்து நாற்காலியின் முதுகிலிருந்து மேலங்கியை எடுத்தாள். ஒரு கையை நுழைத்தாள், மறு கைக்குத் துளை அகப்படாமல் கொஞ்சம் தடுமாறினாள். மார்லிஸ் எழுந்து பிடித்துவிடப் போனாள், அதற்குள் கை நுழைந்துவிட்டது. அனெட் சாவியைத் தொடாமல், நாற்காலியை மேசைக்குள் தள்ளி வைத்துவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.